முட்டுக் குளிசையும் அன்டிபயோட்டிக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை, மாசியில் காலபோக அறுவடை தொடங்கினால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயல் தூசோடு முட்டும் (ஆஸ்துமா) கிளம்பிவிடும். கிளினிக்கில் கொடுத்த தியோபிலின் குளிசையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் இங்கே பலர். மலிவான மருந்து, வேலையும் செய்யும். ஆனால் அளவு விஷயத்தில் பொல்லாதது. ஒரு லீற்றர் இரத்தத்தில் 10 முதல் 20 மில்லிகிராம்வரை இருந்தால் மருந்து. அதைத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும்.

கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு, சிறுநீர்க் கடுப்புக்கோ சளிக்கோ வேறொரு வைத்தியரிடம் போவதுதான் பெரிய தவறு. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தியோபிலின் பற்றித் தெரியாது. அவர் சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதிவிடலாம். தியோபிலினைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை அது தடுக்கிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினும் தியோபிலின் வெளியேறுவதைத் தாமதப்படுத்துபவைதான். குளிசை அதே குளிசை, நேரமும் அதே நேரம். இரத்தத்தில் மட்டும் அளவு ஏறிக்கொண்டே போகும்.

குமட்டல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், நித்திரையின்மை எல்லாம் அப்போது வரும். “அன்டிபயோட்டிக் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை” என்று சோடா குடித்துச் சமாளிப்பது ஆபத்தானது. சிலருக்கு இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமலே வலிப்பு வந்துவிடும். (தேநீரில் உள்ள கஃபீனையும் சிப்ரோபுளொக்சசின் உடலில் தேக்கிவைக்கும். அந்த நாட்களில் பிளேன்ரீயைக் குறைத்தால் படபடப்பும் குறையும்.)

விஷயம் தெரிந்ததும் பயந்து முட்டு மருந்தைத் தாமாக நிறுத்துபவர்களும் உண்டு. அதுவும் கூடாது. வைத்தியர் தியோபிலின் அளவைக் குறைப்பார், அல்லது பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவருக்கு அமொக்சிசிலின் போன்ற வேறொன்றை எழுதுவார். சல்பியூட்டமோல், பெக்லோமெதசோன் பம்ப் மட்டும் இழுப்பவர்களுக்கு இந்தத் தியோபிலின் சிக்கலே இல்லை.

வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் கேட்பதும், போன முறை மிஞ்சியதை எடுத்து விழுங்குவதும் பற்றி விளக்கவே தேவையில்லை. சளியோடு வரும் முட்டுக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அன்டிபயோட்டிக் அங்கே ஒன்றும் செய்யாது. காசநோய்க்கான ரிபம்பிசின் நேர்மாறானது: தியோபிலினை விரைவாக வெளியேற்றி முட்டைத் திரும்ப வரவழைக்கும். ஆகவே காசநோய் சிகிச்சை தொடங்கும்போதும் முடியும்போதும் முட்டு கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

தியோபிலினும் இந்த அன்டிபயோட்டிக்குகளில் ஒன்றும் சேர்த்து எடுக்கும் ஒருவருக்கு வாந்தி நிற்காவிட்டால், இதயம் தாறுமாறாக அடித்தால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஏறும்போது இரண்டு மருந்து உறைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.