கைவிட்ட நல்லமிளகுக் கொடியைத் திரும்பக் காய்க்க வைப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் பழைய விளை (தோட்டம்) வைத்திருக்கிற பலருக்கும் இதே நிலைமைதான். தாத்தா காலத்தில் அயனி மரத்திலும் முருக்கு மரத்திலும் ஏற்றிவிட்ட நல்லமிளகு (குறுமிளகு), ஆட்கள் வெளியூர் போனதும் கவனிப்பில்லாமல் உச்சிக்கு ஏறிவிட்டது. மூட்டில் (கொடியின் அடியில்) முழங்கால் உயரத்துக்குக் காடு, திரி (மிளகு பிடிக்கிற பூங்கதிர்) மட்டும் காணோம். உடனே உரம் வாங்க ஓடாதீங்க, அது கடைசி வேலை. இப்படிப்பட்ட கொடி காய்க்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் நிழலும் மூட்டில் தேங்குகிற தண்ணீரும்தான் காரணம்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்க. மாசி, பங்குனியில் மூட்டுக் காட்டைக் கையால் பறித்துவிட்டு (மண்வெட்டி போட்டால் மேலாக ஓடுகிற வேர் அறுந்துபோகும்) மண்ணை ஒட்டிய தண்டை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியணும். கறுத்து, அழுகி, நாற்றமும் அடித்தால் அது வாட்டம், பைட்டோப்தோரா என்கிற பூஞ்சை மாதிரிக் கிருமியால் வருவது. அந்தக் கொடியைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம். வேரோடு எடுத்து எரித்துவிட்டு, பக்கத்துக் கொடிகளைக் காப்பாற்றுங்க.

அடுத்தது கத்தி வேலை. இங்கேதான் புதுசாகச் செய்கிறவர்கள் தடுமாறுவார்கள், ஏன்னா ஒரே கொடியில் பல வகைத் தண்டு இருக்கும். கணுவில் வேர்விட்டு மரத்தைப் பிடித்து ஏறுவது தாய்த்தண்டு, அதைத் தொடவே கூடாது. அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற, மரத்தைப் பிடிக்காத கிளையில்தான் திரி வரும், அதையும் விட்டுவிடுங்க. மேலிருந்து பிடிப்பில்லாமல் கீழ்நோக்கித் தொங்குவது காய்க்காது, வெட்டிவிடலாம். மூட்டிலிருந்து தரையில் ஓடுகிற கொடிகளில் நல்லதாக இரண்டு மூன்றை மரத்தின் வெறுமையான அடிப்பகுதியில் ஏற்றி வாழைநாரால் கட்டுங்க. கொடி வேர் பிடித்த பிறகு நார் தானாக மட்கிவிடும், அவிழ்க்கிற வேலை இல்லை. மீதியை அறுத்துவிடுங்க. மழைத்துளி தெறிக்கும்போது மண்ணிலிருந்து நோய் முதலில் ஏறுவது அந்தத் தரை இலைகளில்தான்.

தாங்குமரத்துக் கிளை கழிப்பதைக் கோடையில் செய்ய வேண்டாம், இலை பொசுங்கிவிடும். வைகாசியில் மழைக்கோள் தெரிந்ததும் கழிச்சா போதும். புது மழையில் வருகிற தளிரோடுதான் திரியும் வரும், அந்த நேரத்தில் வெளிச்சம் வேணும். உங்கள் கொடி பன்னியூர்-1 ரகம் என்றால் நன்றாகவே திறந்துவிடுங்க, நிழலில் அது காய்க்காது. கரிமுண்டா ரகம் கொஞ்சம் நிழல் தாங்கும். மூட்டில் தண்ணீர் நிற்காமல் வடிய ஒரு சின்னச் சாலும் இழுத்துவிடுங்க. நம்ம மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

மழை பிடிக்கும் முன் ஒரு சதவீதப் போர்டோ கலவை (வாட்டத்தைத் தடுக்கிற துரிசு, சுண்ணாம்புக் கலவை) அடிக்கணும். பத்து லிட்டருக்கு நூறு கிராம் துரிசு (மயில்துத்தம்), நூறு கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாக ஐந்து லிட்டரில், பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊற்றிக் கலக்குங்க, மாற்றி ஊற்ற வேண்டாம். அப்புறம் பளபளப்பான இரும்புக் கத்தி ஒன்றைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்க. கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்க. கலந்த அன்றே அடித்துவிடணும். இலையின் அடிப்பக்கமும் மூட்டுத் தண்டும் நனையட்டும். ஆவணியில் மழை இடைவெளி கிடைத்தால் இன்னொரு தடவை.

உரம் இனிமேல்தான். மூட்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக, பத்து கிலோ மட்கிய சாணி எரு, ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு. அதோடு டிரைக்கோடெர்மா (நோய்க் கிருமியை அடக்குகிற நல்ல பூஞ்சை) ஐம்பது கிராம் கலக்கலாம், ஆனால் துரிசுக் கலவை விழுந்த மண்ணில் உடனே போட்டால் வீண். ரசாயன உரத்துக்குப் பரிந்துரை ஒரு கொடிக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 100 கிராம், மணிச்சத்து 40, சாம்பல்சத்து 140. மெலிந்த கொடிக்கு முதல் வருஷம் அதில் பாதி போதும் என்பது என் கணக்கு, அதையும் வைகாசியிலும் புரட்டாசியிலுமாகப் பிரித்துக் கொடுங்க.

முதல் வருஷம் புதுக் கிளை வந்தாலே நல்ல சேதி, திரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அடுத்த மாசியில் தரைக்கொடி ஓடினால் வீசிவிடாமல், இரண்டு மூன்று கணுவாக நறுக்கி நிழலில் பையில் நட்டு வைத்தால், கொடி பட்டுப்போன மரங்களில் புதுசாக ஏற்றக் கன்று ஆகிவிடும்.