குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலும்: ஓர் அடிக் குழாய் போதும்

ஜூனில் தொடங்கும் குறுவைப் பட்டத்தில், நட்டதிலிருந்து தண்ணீர் வற்றாத வயலில் ஒரு நெல் குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்திருக்கும், மோந்தால் அழுகிய முட்டை வாடை. கால் பதிந்த இடத்தில் குமிழ் குமிழாக வரும். அதில் மீத்தேன் இருக்கிறது. தண்ணீர் மூடிய சேற்றுக்குள் காற்று போகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள், மட்கும் நெல் தாளிலிருந்தும் (அறுத்த அடிக்கட்டை) வேர்க்கசிவிலிருந்தும் இந்த வாயுவை உண்டாக்குகின்றன. குமிழாக வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெல்லின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 27 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

வயலை அவ்வப்போது காயவிட்டு மறுபடி பாய்ச்சினால் மண்ணுக்குள் காற்று போகும், மீத்தேன் குறையும். இதுதான் காய்ச்சலும் பாய்ச்சலும். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் பயம் ஒன்றுதான்: மேலே தண்ணீர் இல்லையென்றால் பயிர் காய்ந்துவிடும். ஆனால் மேலே வற்றினாலும் கீழே வேருக்குத் தண்ணீர் இருக்கும். அதை எட்டிப் பார்க்கத்தான் குழாய்.

மிஞ்சிய நாலு அங்குல பிவிசி குழாயில் ஓர் அடி வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போடுங்கள். அந்தப் பாதி மண்ணுக்குள், மீதி வெளியே. உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் வழித்து எடுத்துவிட வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்கு உள்ளும் வெளியும் ஒரே மட்டம் இருந்தால் சரி. இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. மேடும் பள்ளமும் இல்லாத இடமாக, வரப்பிலிருந்து தள்ளி வையுங்கள். வரப்போரம் நண்டு வளை இருந்தால் அங்கே தண்ணீர் சீக்கிரம் இறங்கும், குழாய் பொய் சொல்லும்.

நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும், களை அடங்கும். அப்புறம் மடையை அடைத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் இரண்டு அங்குலம் பாய்ச்சுங்கள். முதல் தடவை செய்பவர் 10 செ.மீ.யிலேயே பாய்ச்சலாம், தப்பில்லை. களிமண்ணில் மயிரிழை வெடிப்பு பரவாயில்லை; விரல் நுழையும் வெடிப்பு விட்டுவிட்டால் பாய்ச்சும் தண்ணீரெல்லாம் அதற்குள்ளேயே போய்விடும்.

பூக்கும் சமயத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். தொண்டைக்கதிர் (கதிர் வெளிவருமுன் தண்டு பருப்பது) தெரிந்ததிலிருந்து பூத்து ஒரு வாரம் வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். இங்கே காயவிட்டால் பதர்தான்.

யூரியாவைத் தண்ணீர் வற்றிய வயலில் தூவி உடனே பாய்ச்சுங்கள். காயவிட்டு நனைக்கும் வயலில் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகப் போக வாய்ப்பு கூடுதல். அது மீத்தேனைவிடப் பல மடங்கு கெட்டது. அதனால் யூரியாவை அளவோடு, பிரித்துப் போடுங்கள்.

போர் பாசனத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். தண்ணீரை மிச்சம் பிடித்தால் அது பில்லில் தெரியாது, நிலத்தடி நீரில்தான் தெரியும். பக்கத்து வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் உங்கள் வயல் காயாது, அவரிடமும் பேசிவிடுங்கள்.

மழைக்காலப் பட்டங்களான சம்பா, தாளடியில் ஐப்பசி மழை பிடித்தால் பள்ளக்கால் வயலை யாராலும் காயவைக்க முடியாது. உப்பு ஏறிய நிலத்திலும் முயல வேண்டாம். ஆனால் தாளடிக்கு முன் ஒன்று செய்யலாம்: பச்சை வைக்கோலைச் சேற்றில் மடக்கி உழாதீர்கள், அதிலிருந்து மீத்தேன் அதிகமாகக் கிளம்பும். மட்க நாள் இல்லையென்றால் வைக்கோல் கட்டும் மிஷின் வைத்துக் கட்டி வெளியே எடுத்துவிடுங்கள், மாட்டுக்கு ஆகும்.