கரண்டைக்கால் பிரண்ட பிறகு பெலன்ஸ் பிடிச்ச விதம்

காலி வீதியில பஸ்ஸால இறங்கேக்க கால் உள்பக்கமா மடங்கினது. எக்ஸ்ரேல முறிவு ஒண்டும் இல்லை, வெளிப்பக்கத் தசைநார்தான் இழுபட்டிருக்கு எண்டாங்கள். வீக்கம் வத்தி நோவும் போனாப் பிறகும் ஒற்றைக்கால்ல நிக்கேலாம இருந்ததுதான் பெரிய கரைச்சல்.

பயிற்சிக்கு ஆடுற பலகை ஒண்டு. முதல்ல சொல்லித் தந்தது "கரண்டையை ஆடாம வச்சிரு, முழங்காலைக் கவனி" எண்டு, அப்பிடிக் கவனிக்கக் கவனிக்க கால் விறைச்சு இன்னும் கூட நடுங்கும். பிறகு வந்த பிசியோ மிஸ், "தம்பி, காலை விடுங்கோ, பலகையை மட்டமா வச்சிருக்கப் பாருங்கோ" எண்டா. அவ்வளவுதான், அதே கால், அதே பலகை, ஆட்டம் நல்லாக் குறைஞ்சிட்டுது!

இது சும்மா கதையில்லை. கால் பிரண்ட ஆக்களை வச்சு லாஃபர் ஆக்கள் 2007ல செய்த ஆய்விலயும் உடம்பைக் கவனிச்சவையை விட பலகையைக் கவனிச்சவைதான் நல்லாப் பழகினவை. உடம்பு அசைவுகளைப் பழகிற விதத்தை ஆராயிற கேப்ரியேல் வுல்ஃப் ஆக்கள் சொல்ற விளக்கம், உடம்பு தன்பாட்டில செய்யிற வேலைக்குள்ள நாங்கள் வேணுமெண்டு கை வைக்கேக்க அது குழம்புதாம்.

வெள்ளவத்தை பிளாட்ல பலகை இல்லை. அதால சுவர் பக்கத்தில ஒற்றைக்கால்ல நிண்டு, கையில தண்ணிக் கிளாஸ், தண்ணி அசையாமப் பாக்கிறதுதான் வேலை. அம்மாக்கு ஒரே சிரிப்பு. திரும்ப வீங்கினா மட்டும் நிப்பாட்டிப்போட்டு பிசியோட்டக் காட்டுங்கோ.