மெஷின் பக்கத்தில் நின்று எழுதும் கையேடு

ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு, தோலை ரசாயனத்தோடு போட்டுச் சுழற்றும் டிரம் செய்து தரும் ஒரு பட்டறைக்கு நான் கையேடு எழுதுகிறேன். முதலில் கொடுத்தது 48 பக்க பிடிஎஃப். ஆபரேட்டர் ஒருவர் போனில் அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இதுல தேடி எடுக்கிறதுக்குள்ள தோலு பாழாயிடும்" என்றார். நியாயமான பேச்சு. அன்றிலிருந்து ஒரு வேலைக்கு ஒரு இணையப் பக்கம் என்றுதான் எழுதுகிறேன்.

எழுத உட்காரும் முன் ஷாப்புக்குப் போங்கள். நோட்டும் பேனாவும் போதும். ஆபரேட்டரின் கை எங்கெங்கே போகிறதோ, அதே வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் "டிரம்மு நின்னுபோச்சு" என்றால் தலைப்பும் "டிரம் நின்றுபோனால்" என்றே இருக்கட்டும். போனில் தேடும்போது அவர் தட்டுவது அந்த வார்த்தையைத்தான்.

எச்சரிக்கை வரியை எங்கே வைக்கிறோம் என்பது உயிர் விஷயம். "மூடியைத் திறக்கவும். திறக்கும் முன் மெயினை அணைக்கவும்" என்று எழுதினால், முதல் வரியைப் படித்தவர் கை மூடிக்குப் போயிருக்கும். அணைப்பதும் பூட்டுவதும் முதல் வரி, மூடி அதற்கப்புறம்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. மார்க்டவுனில் எழுதுங்கள். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட எளிய குறிமுறை அது; வரியின் தொடக்கத்தில் ஹேஷ் போட்டால் தலைப்பு, அவ்வளவுதான். கோப்புகளை, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் வைத்தால், எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பது நிற்கும். மோட்டார் மாடல் மாறினாலும் பழைய மெஷினுக்கான பக்கத்தை மீட்கலாம். எம்கேடாக்ஸ் (MkDocs) என்ற மென்பொருள் அந்தக் கோப்புகளைத் தேடல் வசதியுடன் தளமாக்கித் தரும். அந்தத் தளத்தை கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் இலவசமாக ஏற்றலாம்.

தமிழுக்கென்று தனிக் கவனம் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் பார்க்கத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகு கொம்பு வரும் எழுத்துகளைக் கண்ணால் சரிபாருங்கள். "கௌ" என்பதை "கெ", "ள" என்று இரண்டாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் சிக்காது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நீண்ட பத்தியைக் கொடுத்துச் சுருக்கச் சொல்கிறேன். ஆனால் எண்களை நம்பி விடுவதில்லை. ஒருமுறை நிமிடத்தை மணி என்று மாற்றி வைத்திருந்தது. ரசாயனங்களைத் தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்று போடும் தொழில் இது. ஒரு புள்ளி இடம் மாறினாலும் லோடு முழுக்கக் கெடும். அளவுகளை ஷாப்பின் ரெசிபி அட்டையோடும் மெஷினின் பெயர்ப்பலகையோடும் ஒப்பிட்டுவிட்டே ஏற்றுகிறேன்.

போனில் பக்கத்தைத் திறக்க உதவும் கியூஆர் ஸ்டிக்கரை டிரம்மில் ஒட்டாதீர்கள், நனையும். லேமினேட் செய்து பேனல் கதவில் ஒட்டுங்கள்.

கடைசியாக, மெஷினைத் தொட்டுப் பழகாத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். பழகிய ஆபரேட்டர் கூட இருக்கட்டும், மெயின் அணைந்திருக்கட்டும். அவர் படித்துப் படித்துச் செய்யட்டும்; நீங்கள் வாய் திறக்காதீர்கள். எந்த வரியில் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியை அங்கேயே நின்று மாற்றி எழுதுங்கள்.