சர்க்கரை நோயாளிக்குத் திடீரெனத் தொடை வலித்தால்: தேய்க்கும் முன் பார்க்க வேண்டியவை

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு, அடிபடாமலும் சுளுக்காமலும் ஒரு தொடை மட்டும் வலித்து வீங்குகிறது. உடனே களிம்பு தடவி அழுத்தித் தேய்ப்பார்கள், அல்லது நடந்தால் சரியாகிவிடும் என்று நடக்க வைப்பார்கள். இரண்டுமே கூடாது. தசைக்குள் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு, தசையின் ஒரு பகுதியே செத்துப்போயிருக்கலாம். தசைத் திசு இறப்பு அல்லது டயாபெட்டிக் மயோநெக்ரோசிஸ் என்று இதைச் சொல்வார்கள். 1965-இல்தான் மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவானது. அரிது என்பதால் மருத்துவருக்கும் சட்டென நினைவுக்கு வராது. நோயாளியின் வீட்டார் சரியான விவரங்களோடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கு முன், உயிருக்கு ஆபத்தானவற்றை ஒதுக்கியாக வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், தோலில் ஊதா அல்லது கறுப்பு நிறம், கொப்புளம், தோலில் தெரிவதைவிடப் பல மடங்கு கடுமையான வலி, இவை தசையை அரிக்கும் தொற்றின் அறிகுறிகள். சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலும், சிறுநீர் மலத்தை அடக்க முடியாமல் போனாலும் காத்திருக்கக் கூடாது. இவற்றில் எது இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், அதுவும் அப்போதே.

அப்படி எதுவும் இல்லையென்றாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கிளம்பும் முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி, தசையைத் தளர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் தொடையின் சுற்றளவை எடுங்கள். நாடா தோலில் பதிய வேண்டும், இறுக்கக் கூடாது. அடுத்த காலிலும் அதே உயரம். கெண்டைக்காலுக்கு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே அளக்க வேண்டும். அங்கே இரு கால்களுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரத்த உறைவின் சந்தேகம் வலுக்கும். கோட்டை அழிக்காதீர்கள், மூன்று நாள் கழித்து வேறிடத்தில் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எந்த நாள் வலி தொடங்கியது, காய்ச்சல் எவ்வளவு, என்னென்ன மாத்திரைகள், கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) அளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.

திசு இறப்பு பெரும்பாலும் தொடையின் முன்பக்கத் தசையில் வரும், அடுத்தபடியாகக் கெண்டைக்காலில். கட்டுக்குள் வராத சர்க்கரையோடு சிறுநீரகம், கண் விழித்திரை, நரம்பு ஆகியவையும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கே அதிகம். தொட்டால் வலிக்கும், சிலருக்குக் கட்டி போலக் கையில் தட்டுப்படும். முதல் சோதனை, ரத்தக்குழாய்களில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்; ரத்த உறைவு இல்லை என்று தெரிந்த பிறகு எம்.ஆர்.ஐ. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாய மருந்து செலுத்தாமலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்; கிரியாட்டினின் எண்ணை ஸ்கேன் மையத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதி இயல்பாக இருந்தாலும் இந்நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். படமும் நோயின் போக்கும் தெளிவாக இருந்தால் தசையை வெட்டிச் சோதிப்பதைத் தவிர்ப்பார்கள். வெட்டிய காயம் ஆறத் தாமதமாகும், குணமாவதும் தள்ளிப்போகும்.

சிகிச்சையில் பெரிய வித்தை எதுவுமில்லை: ஓய்வு, வலி நிவாரணி, சர்க்கரைக் கட்டுப்பாடு. சிறிய அளவில் ஆஸ்பிரின் சேர்ப்பதும் உண்டு, ஆனால் மருத்துவர் சொன்னால் மட்டும். ஐபுபுரூபன், டைக்ளோஃபினாக் போன்றவை பலவீனமான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், கேட்காமல் போடாதீர்கள். கழிவறைக்குப் போய்வரும் அளவு நடமாட்டம் போதும். வலி கடுமையாக உள்ள கட்டத்தில் பிசியோதெரபி தொடங்கினால் வலியும் வீக்கமும் கூடும். சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் தானாக அடங்கும். ஆனால் அதே காலிலோ மறு காலிலோ திரும்ப வருவது சகஜம், ஆகவே அளவுநாடாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு: டயாபெட்டிக் அமியோட்ரோஃபி. பெயரில் தசை இளைப்பு இருந்தாலும் கோளாறு நரம்பில். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய, இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு வரும். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருக்கும்போதும் வரும். இடுப்பிலோ தொடையிலோ எரிச்சலோடு கடும் வலி, இரவில் அதிகம். தொடை வீங்காது, சில வாரங்களில் இளைக்கும். உடல் எடையும் காரணமின்றிக் குறையும். நாற்காலியில் கைகளை மார்பின் குறுக்கே கட்டி உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எழ முடியவில்லை, படி இறங்கும்போது முழங்கால் மடங்கிக்கொள்கிறது என்றால் தொடை நரம்பு சந்தேகத்துக்குரியது. மருத்துவர் முழங்காலில் தட்டினால் கால் துள்ளாது. நரம்புக் கடத்தல் சோதனையும், தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யும் உறுதிப்படுத்தும்.

திசு இறப்பைப் போலல்லாமல், அமியோட்ரோஃபிக்குப் பிசியோதெரபி அவசியம். மீள மாதங்கள் ஆகும், ஒன்றிரண்டு ஆண்டுகளும் ஆகலாம். கொஞ்சம் பலவீனம் மிஞ்சவும் கூடும். அதுவரை விழாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. கைத்தடி பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். பலர் நோவுள்ள பக்கமே பிடிப்பார்கள், உடல் பாரம் அந்தக் காலிலேயே இறங்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

இரு தொடையும் இரு தோளும் ஒரே மாதிரி வலித்தால் கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையையும் நினைத்துப் பாருங்கள், குறிப்பாகப் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ அளவு கூட்டியிருந்தாலோ. நீங்களாக நிறுத்தாமல் சி.கே. பார்த்து மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீர் கறுத்திருந்தால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.