திருவிழா அறிவித்தலை பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போடுவது எப்படி? புதிதாகத் தொடங்கும் பங்கு இளைஞர்களுக்கு

மட்டக்களப்புப் பக்கம் ஆலயத் திருவிழா என்றால் கொடியேற்றம், நவநாள், வேஸ்பர் எனும் மாலை ஆராதனை, திருநாள் திருப்பலி என்று பத்து நாள் வேலை. பூசை முடிவில் வாசிக்கும் அறிவித்தலும், ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போவதும் ஊருக்குள் இருப்பவர்களுக்குப் போதும். கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கும் சுவிஸில் இருக்கும் பெரியம்மாவுக்கும் போன்தான் வழி. அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இப்படித் தொடங்குங்கள்.

1. முதலில் விபரம், பிறகுதான் போஸ்டர்

பங்குத்தந்தையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுங்கள்: கொடியேற்றத் திகதி, நேரம், எந்த நாள் எந்த வட்டாரத்தின் நவநாள், பவனி எந்தத் தெருவால் போகும், வாகனம் எங்கே விடலாம். பாதர் வாசித்துச் சரி சொன்ன பிறகே வெளியே விடவேண்டும். பிழையான நேரம் ஒருமுறை வட்ஸ்அப்பில் பரவினால் திருத்திய அறிவித்தல் அதை ஒருநாளும் எட்டிப் பிடிக்காது.

வெளியூர்க்காரர் என்ன கேட்பார் என்றும் யோசியுங்கள். ஆயித்தியமலை சதாசகாய அன்னை திருத்தலத்துக்கு செப்டம்பரில் நடந்து போகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது, எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவது, தண்ணீர் எங்கே கிடைக்கும், திரும்பி வர பஸ் உண்டா என்பதுதான். ‘அன்னையின் அருள்பெற வாரீர்’ என்று நாலு வரி எழுதிவிட்டு பஸ் விபரத்தை விட்டால், கொமன்ட் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கும்.

2. ஆலயத்துக்கென்று ஒரு பேஸ்புக் பக்கம்

ஒருவருடைய சொந்தக் கணக்கில் நடத்த வேண்டாம். அதில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. பக்கத்துக்கு அந்த எல்லை இல்லை. பெயரில் ஊரைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். வெறும் ‘புனித அந்தோனியார் ஆலயம்’ என்று தேடினால் இலங்கை முழுக்க வரும். அட்மின் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும், அதில் ஒருவர் ஊரைவிட்டு அசையாதவராக இருந்தால் நல்லது. பக்கம் தொடங்கிய பொடியன் கட்டாருக்குப் போய் நம்பரையும் மாற்றிவிட்டால், பக்கமும் அவனோடு போன மாதிரித்தான்.

3. பாமினியை யுனிகோடாக மாற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அச்சகத்திலிருந்து வரும் அழைப்பிதழ் பல நேரம் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. அதனால் அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. அதில் போட்டு, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கலாம்.

அழைப்பிதழைப் படம்பிடித்துப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தேடுகிறவருக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து அகப்படாது, கண் மங்கிய அம்மம்மாவுக்கும் வாசிக்க முடியாது. படத்தோடு விபரத்தை எழுத்தாகவும் போடுங்கள்.

4. போஸ்டர்

கான்வா (Canva) என்ற வடிவமைப்புச் செயலியில் இலவசமாகவே செய்யலாம். பேஸ்புக் பதிவுக்கு 1080க்கு 1080 பிக்சல் சதுரம், ஸ்டேட்டஸுக்கும் ஸ்டோரிக்கும் 1080க்கு 1920 நெடுக்கு. புனிதரின் சொரூபம், ஆலயம், ஊர், திகதி, நேரம்: இவ்வளவுதான் வேண்டும். ஆயர், பாதர், உபயகாரர் என எல்லார் படத்தையும் அடுக்கினால் நேரம் எறும்பு அளவுக்குப் போய்விடும். சபையில் இதற்குச் சண்டை வரும், தெரியும். உபயகாரருக்குத் தனியாக ஒரு நன்றிப் பதிவு போடுவதாகச் சொல்லுங்கள். அவர்கள் பகிர்வதும் அதைத்தான்.

5. எப்போது, எங்கே

மூன்று வாரத்துக்கு முன் திகதியை மட்டும் சொல்லுங்கள். ஒரு வாரம் இருக்கும்போது முழு நிகழ்ச்சிநிரலைப் போட்டு, அது பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள். அப்புறம் தினமும் காலையில் அன்றைய நவநாள் மட்டும்.

வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அறிவித்தலுக்கென்று ஒரு குரூப் தொடங்கி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைப்பதே என் தெரிவு. இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் எல்லாம் புதைந்துபோகும்.

6. நேரலை

வெளிநாட்டு நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். செப்டம்பரில் நம் மாலை 5.30 என்றால் சுவிஸில் பிற்பகல் 2, லண்டனில் 1, டொரன்டோவில் காலை 8. யூடியூபில் போனிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரராவது வேண்டும்; முதல்முறை அனுமதி கிடைக்க ஒரு நாள்வரை செல்லலாம், கொடியேற்றத்தன்று காலையில் தொடங்காதீர்கள். பேஸ்புக் நேரலைப் பதிவு 30 நாளில் அழிந்துவிடும், அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்ந்தால் டேட்டா தவழும். பக்கத்து வீட்டு வைஃபை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். சத்தத்தைப் போன் மைக்கில் எடுக்காமல் மிக்சரிலிருந்து வயர் போட்டு எடுத்தால் பிரசங்கம் தெளிவாகக் கேட்கும்.

7. படங்கள்

முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் போடாதீர்கள். பெயரும் பாடசாலையும் வேண்டவே வேண்டாம். நற்கருணை வாங்குகிறவரின் முகத்துக்குக் கிட்டப் போய்ப் படம் எடுப்பதும் சரியில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு வாசலில் பை சோதிப்பது நமக்குப் புதிதல்ல. உங்கள் ஆலயத்திலும் சோதனை இருந்தால், பெரிய பை வேண்டாம் என்ற ஒரு வரியை அறிவித்தலிலேயே சேர்த்துவிடுங்கள். வாசலில் நிற்கும் தொண்டர்களுக்கு வாக்குவாதம் குறையும்.

கொடியிறக்கம் முடிந்ததும் ‘பின்’ செய்த பதிவை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் யாராவது வந்து பவனி எத்தனை மணிக்கு என்று கேட்பார்.