தேடுவது யாருக்கும் தெரியக்கூடாது என்றால்: ஆனியன் தளங்களுக்கு ஒரு வழி

போன வருடம் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. பயாப்சி முடிவு வரும்வரை, சும்மா நீர்க்கட்டியாக இருக்கும் என்றே அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தோம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நான் என் போனில் தேடுவேன். இரண்டாம் நாள், அம்மா தன் போனில் சமையல் வீடியோ பார்க்கும்போது புற்றுநோய் சிகிச்சை விளம்பரம் வந்தது. "என்னடி இது, எனக்கு எதுக்கு இதெல்லாம் வருது?" வீட்டில் எல்லோருக்கும் ஒரே வைஃபை. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று அப்புறம் தெரிந்தது. ஆனால் அன்று அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதிலிருந்து இப்படிப்பட்ட தேடலுக்கெல்லாம், தேடுவது யார் என்பதை மறைக்கும் டோர் பிரவுசர்தான். டோர் புராஜெக்ட் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் அதே அமைப்பின் பெயரில் இருப்பதை எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே வேண்டவே வேண்டாம். திறந்து 'கனெக்ட்' அழுத்தினால் போதும்.

டோர் உங்கள் இணைப்பை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. ஒவ்வொன்றும் தனக்கான மறையாக்க உறையை மட்டும் உரிக்கும், வெங்காயத் தோல் மாதிரி. முதல் கணினிக்கு உங்கள் ஐபி (இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரி எண்) தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. மூன்றாவதற்குப் போகும் இடம் தெரியும், போவது யார் என்று தெரியாது.

சில தளங்களுக்கு '.onion' என்று முடியும், டோருக்குள் மட்டுமே திறக்கும் இன்னொரு முகவரியும் உண்டு; அவைதான் ஆனியன் தளங்கள். சரி, டோர் இருக்கும்போது அந்த முகவரி எதற்கு? அந்த மூன்றாவது கணினிதான் பொது இணையத்தில் இறங்கும் வாசல். அங்கிருந்து கவனிப்பவருக்கு எந்தத் தளம் பார்க்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். ஆனியன் தளத்துக்கு அந்த வாசலே கிடையாது. நீங்கள் ஒரு பக்கமிருந்தும் தளம் மறுபக்கமிருந்தும் வந்து, டோருக்குள்ளேயே சந்திக்கிறீர்கள். மொத்தம் ஆறு கணினிகள். முகவரியில் இருக்கும் 56 எழுத்துகளுக்குள் தளத்தின் பொதுச் சாவியே (அது அந்தத் தளம்தான் என்று சரிபார்க்க உதவும் குறியீடு) அடங்கியிருப்பதால், முகவரி சரியாக இருந்தால் நடுவில் வேறொருவர் அந்தத் தளமாக வேடம் போட முடியாது.

அதனால்தான் முகவரியை எங்கிருந்தோ கிடைத்த பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். டோர் பிரவுசரில் வழக்கமான முகவரிக்கே போங்கள். அந்தத் தளம் தன் ஆனியன் முகவரியை அறிவித்திருந்தால், கணினியில் முகவரிப் பட்டையிலேயே ஊதா நிறப் பொத்தான் ஒன்று தெரியும். அழுத்துங்கள், புக்மார்க் செய்யுங்கள். அமெரிக்கச் செய்தி அமைப்பான புரோபப்ளிகா 2016இலும் பிபிசி 2019இலும் தங்கள் செய்திகளை இப்படித் தரத் தொடங்கின. தேடுவதற்கு டக்டக்கோவுக்கும் ஆனியன் முகவரி உண்டு.

ஃபேஸ்புக்குக்கும் 2014இலிருந்தே இருக்கிறது. ஆனால் அங்கே உங்கள் பெயரில் லாகின் செய்தால் நீங்கள் யார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எங்கிருந்து என்பது மட்டும்தான் மறையும். எனவே அந்தரங்கமாகத் தேடும் நேரத்தில் எந்தக் கணக்கிலும் நுழையாதீர்கள். எக்ஸ்டென்ஷன் எதுவும் சேர்க்காதீர்கள். எல்லா டோர் பிரவுசரும் ஒரே மாதிரி தெரிவதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. இறக்கிய பிடிஎஃப்பை இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறங்கள். ஒரு விஷயம் முடிந்து இன்னொன்று தேடும் முன் 'நியூ ஐடென்டிட்டி' அழுத்துங்கள், பழைய தடம் அழிந்து புதிதாகத் தொடங்கும்.

வேகம் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அதையும் மறைக்க வேண்டுமென்றால் அமைப்புகளில் 'பிரிட்ஜ்' (டோருக்குள் நுழைய உதவும் மறைமுக வழி) பகுதிக்குப் போய், அதில் ஒரு வகையான ஸ்னோஃப்ளேக்கைத் தேர்ந்தெடுத்து மறுபடி இணையுங்கள்.